ஏவியவர் இல்லாத வேளையில்

தான் அயர்ந்து உறங்கும் வேளையிலும் தன் கருமம் நடைபெற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பது மனிதனின் பழைய ஆசைகளுள் ஒன்று. தோட்டத்தில் வெருளியை நட்டவன் வீட்டுக்குப் போய்விடுகின்றான். வெருளி இரவு முழுவதும் நிற்கின்றது. வயலுக்கு மடை திறந்தவன் வரம்பிலே கண்ணயர்கின்றான், நீர் பாய்ந்துகொண்டிருக்கின்றது. இவ்விரண்டிலும் ஏவியவன் யார், ஏவப்பட்டது யாது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், பலர் கூடிப் பயன்படுத்தும் ஒரு கணனியிலே ஒருவர் ஏவிவிட்டுச் சென்ற வேலை, அவர் எழுந்து சென்ற பின்னர் யாருடைய வேலை? அதனை நிறுத்தும் உரிமை யாருக்கு உண்டு? மின்சாரம் நின்று கணனி மீளத் தொடங்கும்போது அவ்வேலையை அவர் சார்பில் மறுபடியும் தொடங்கிவைப்பவர் யார்? தொழில்நுட்பவியலாளர் சில வரிக் கட்டளைகளால் விடைகூறிவிட்டு அப்பாற் செல்லும் இவ்வினா, உண்மையில் உரிமை பற்றியதொரு வினாவாகும். யுனிக்ஸ் எனும் பணிசெயல் முறைமையும் அதன் வழித்தோன்றல்களும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு அளித்துவந்த விடைகள் ஒன்றோடொன்று முரண்படுவன என்பது கலைப்பீடத்தாரும் அறிந்திருக்கத்தக்க செய்தி.

பின்னணியில் இருந்து, எவரும் அழையாமலே தன் பணியைச் செய்துகொண்டிருக்கும் செய்நிரலை ஆங்கிலத்தில் 'டீமன்' என்பர். இப்பெயர் பிறந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவின் மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1963 ஆம் ஆண்டளவில், பெர்னாண்டோ கோர்பற்றோவின் தலைமையில் 'புரொஜெக்ற் மாக்' எனும் திட்டத்தில் உழைத்தோர், ஐ.பி.எம். 7094 எனும் கணனியிலே, கோப்புகளுக்குத் தாமாகவே காந்த நாடாவில் பிரதியெடுத்துவைக்கும் செய்நிரலுக்கு இப்பெயரைச் சூட்டினர். அவர்கள் மனத்தில் இருந்தது பௌதிகவியலறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் 1867 இல் கற்பனைசெய்த சிறுபிராணி. இரு அறைகளுக்கு இடையேயுள்ள கதவருகே அமர்ந்து, விரைந்த மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவானவற்றை மறுபக்கமுமாகச் சலியாது பிரித்துக்கொண்டிருக்கும் பிராணி அது. அதற்கு 'டீமன்' என்று பெயரிட்டவர் மக்ஸ்வெல் அல்லர். பின்னாளிற் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன். இச்சொல்லை ஏதோ நீண்ட ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கமென விளக்குவோரும் உளர். அது பிற்காலத்தார் இட்டுக்கட்டியது.

கிரேக்க மொழியில் 'டைமோன்' என்பது தேவனுமன்று, பேயுமன்று. இரண்டுக்கும் நடுவே நின்று மனிதனோடு ஊடாடும் ஆற்றல். சோக்கிரட்டீசுக்கு அவ்வப்போது 'வேண்டாம்' என்று உள்ளிருந்து உரைத்ததாகப் பிளேட்டோ கூறுவதும் இவ்வினத்ததே. தமிழிற் சிலர் இதனைப் 'பேய்' என மொழிபெயர்ப்பது பொருந்தாது. சிலப்பதிகாரத்து நாளங்காடியில் நின்ற பூதத்தை நினைவுகூர்வோர் 'பூதம்' என்பதே ஏற்ற சொல் என்பர். அப்பூதம் தானாக வந்து குடியேறியதன்று; முசுகுந்தனுக்கு உதவுமாறு இந்திரன் ஏவ வந்து நின்றது. ஏவியவன் வானுலகில் இருக்கிறான். பூதம் புகாரிலே காவல் காக்கிறது. யுனிக்சின் பூதங்களும் இத்தகையனவே. ஆனால் இந்திரனுக்கு உள்ள ஏவலுரிமை புகார் நகரத்துச் சாதாரணக் குடிமகனுக்கும் உண்டா என்பதுதான் ஈண்டு எழும் சிக்கல்.

பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் 1969 இல் உருவாக்கத் தொடங்கிய யுனிக்சிலே, ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு செய்நிரலும் ஒரு 'செயன்முறை' எனப்படும். ஒவ்வொரு செயன்முறைக்கும் ஒரு பெற்றோர் உண்டு. ஓர் உரிமையாளரும் உண்டு. பயனர் ஒருவர் முனையத்தில் அமர்ந்து தட்டும் கட்டளைகள் யாவும் அவரது ஓட்டின் பிள்ளைகளாகப் பிறந்து, அவர் பெயராலேயே ஓடுவன. கட்டளையின் ஈற்றில் ஆங்கிலத்தில் 'உம்' எனும் பொருள்தரும் குறியை இட்டால், அக்கட்டளை பின்னணிக்குச் சென்றுவிடும். முனையம் அடுத்த வேலைக்குக் காத்திருக்கும். இக்குறியைத் தமிழ் மாணாக்கர் எண்ணும்மையாகக் கொள்வதில் தவறில்லை. 'இதுவும் நடக்கட்டும், அடுத்ததும் நடக்கட்டும்' என்பதே அதன் பொருள்.

ஆனால் பின்னணிக்குச் சென்றது முனையத்தை விட்டு நீங்கிவிட்டதாகாது. அக்காலத்து முனையங்கள் பல தொலைபேசி வழியே கணனியோடு இணைக்கப்பட்டிருந்தன. இணைப்பு அறுந்தால், அம்முனையத்தைச் சார்ந்த செயன்முறைகளுக்கு 'தொலைபேசி வைக்கப்பட்டுவிட்டது' எனும் பொருள்பட ஒரு சைகை அனுப்பப்படும். அச்சைகையைப் பெற்றதும் இறந்துபடுவதே செயன்முறையின் இயல்பான ஒழுக்கம். ஏவியவர் போய்விட்டார், இனிக் கேட்பாரில்லை, ஆதலின் வேலையும் முடிக என்பது அதன் உட்கிடை. தொலைபேசிக் கம்பிகள் வழக்கொழிந்த பின்னரும் இச்சைகை ஒழியவில்லை. இன்று மடிக்கணனியின் மூடியைச் சாத்தி வலையிணைப்பு அறுந்ததும், தொலைவிலுள்ள கணனியில் ஓடிய வேலை மடிவதற்குக் காரணம் பெரும்பாலும் அரை நூற்றாண்டுப் பழைமையுடைய இத்தொலைபேசி மரபே. 'நோஹப்' எனும் கட்டளையை முன்னே வைத்து ஏவினால், செயன்முறை அச்சைகையைப் பொருட்படுத்தாது. தன் வெளியீட்டையும் ஒரு கோப்பில் எழுதிவைக்கும்.

முழுமையான டீமன் ஆவதற்கு ஒரு செயன்முறை மேற்கொள்ளும் சடங்கு இதனினும் கடுமையானது. றிச்சர்ட் ஸ்ரீவன்ஸ் 1992 இல் வெளியிட்ட யுனிக்ஸ் நிரலாக்க நூல் வாயிலாக ஒரு தலைமுறையே இதனைக் கற்றது. முதலில் அச்செயன்முறை ஒரு பிள்ளையைப் பெறுகின்றது. பெற்றதும் தான் இறந்துவிடுகின்றது. அநாதையான பிள்ளையை, கணனி தொடங்கும்போதே தோன்றிய முதலாம் இலக்கச் செயன்முறை தத்தெடுத்துக்கொள்கின்றது. பின்னர் அப்பிள்ளை பழைய முனையத்தோடுள்ள உறவை அறுத்துத் தனக்கெனப் புதியதோர் அமர்வை ஏற்படுத்திக்கொள்கின்றது. பிறந்த கோப்புறையை விட்டு வேர்க் கோப்புறைக்குப் பெயர்கின்றது. கைக்கொண்டிருந்த கோப்புகளைக் கைவிடுகின்றது. உறவு, ஊர், உடைமை மூன்றையும் துறத்தல் என இதனைச் சொன்னால் மிகையாகாது. ஆனால் துறவியின் இயல்பு முற்றாகப் பொருந்தாத இடமும் ஒன்றுண்டு: டீமன் தன் உரிமையாளரின் பெயரை மட்டும் துறப்பதில்லை. சாதாரணப் பயனர் ஒருவர் ஏவிய டீமன், அவர் தொட முடிந்த கோப்புகளை மட்டுமே தொடவல்லது.

இவ்வாறு துறவு பூண்ட செயன்முறையும் மின்சாரம் நின்றால் மடியும். மீளத் தொடங்கிய கணனியிலே அதனை மறுபடி ஏவுவோர் வேண்டும். தொடக்க கால யுனிக்சில் அவ்வதிகாரம் 'றூட்' எனும் தலைமைப் பயனருக்கே உரியதாக இருந்தது. தொடக்கத்தின்போது படிக்கப்படும் கட்டளைக் கோப்பு அவருடையது. 1979 இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற 'குரொன்' எனும் டீமன் நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, ஒரு பட்டியலைப் பார்த்து, அந்நிமிடத்துக்குரிய வேலைகளைச் செய்தது. அப்பட்டியலும் முறைமை முழுமைக்கும் ஒன்றே. சாதாரணப் பயனருக்குக் கிடைத்தது, குறித்த நேரத்தில் ஒரு தடவை மாத்திரம் வேலையை ஏவும் 'அற்' எனும் கட்டளை. வேலையின் இறுதி வரியில் அதே வேலைக்கு மறுநாள் தவணை குறித்து, சங்கிலியாக என்றென்றும் ஓடச்செய்யலாம். உரிமை மறுக்கப்பட்ட இடத்தில் தந்திரம் முளைப்பதற்கு இஃது ஓர் உதாரணம்.

1980களில் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியே 'குரொன்டாப்' எனும் பட்டியல் வழங்கப்பட்டது. போல் விக்சி 1987 இல் எழுதி வெளியிட்ட குரொன் இலவசமாகப் பரவி, பின்னர் லினக்ஸ், பி.எஸ்.டி. முறைமைகள் பலவற்றிலும் இடம்பெற்றது. பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து இடங்கள், ஆறாவதாகக் கட்டளை. ஐந்து இடங்களுக்கும் பதிலாக, 'அற்' குறியை அடுத்து 'றீபூட்' என்று எழுதினால், கணனி தொடங்கும் ஒவ்வொரு தடவையும் அக்கட்டளை நிறைவேறும். அப்பயனர் ஊரிலேயே இல்லாவிடினும், அவர் கடவுச்சொல்லைத் தட்டாவிடினும், அவர் பெயரால் நிறைவேறும். கையேட்டிலே ஒரு வரியில் அடங்கிவிடும் இவ்வசதி, சாதாரணப் பயனர் பெற்ற உரிமைகளுள் மிகப் பெரியது எனலாம். இதனைக் கட்டுப்படுத்தவும் வழியுண்டு. அனுமதிக்கப்பட்டோர் பட்டியல் ஒன்றை முறைமை நிருவாகி வைத்திருந்தால், அதிற் பெயரில்லாதோர் குரொனை அணுக முடியாது.

இவ்வுரிமை ஒரு மாணாக்கருக்கு என்ன பெறுமதியுடையது என்பதை ஓர் உதாரணத்தால் நோக்கலாம். தமிழ்ச் சிறப்புக்கலை பயிலும் மாணவி ஒருத்தி. 1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளிலே தொடங்கிய மதுரைத் திட்டம் இலவசமாக வழங்கும் மின்னூல்களைக்கொண்டு அகப்பாடல்களுக்குச் சொல்லடைவு ஒன்றைத் தயாரிக்கின்றாள். பீடத்துப் பொதுக்கணனி பழையது. அவளது செய்நிரலோ பழகுநர் எழுதியது. ஆதலின் வேலை பல மணித்தியாலங்கள் நீளும். மாலை ஐந்தரைக்குக் கடைசிப் பேருந்து. முதல் நாள் அவள் இணைப்பைத் துண்டித்ததுமே வேலை மடிந்தது. மறுநாள் நோஹப்பைக் கற்றுக்கொண்டாள். நள்ளிரவில் மின்சாரம் நின்றது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த நாட்டினருக்கு இது புதுமையன்று. மின்சாரம் திரும்பியதும் கணனி தானே எழுந்தது. அதன் டீமன்கள் எல்லாம் எழுந்தன. அவளது வேலை மட்டும் எழவில்லை. குரொன்டாப்பைத் திறக்க முயன்றபோது, அனுமதிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை என்பது தெரியவந்தது.

ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் போனாள். அவர் கேட்ட கேள்வி எளிமையானது, ஆனால் முழுச் சிக்கலையும் உள்ளடக்கியது.

"நீர் போன பிறகு அது ஆற்றை வேலை, பிள்ளை?"

"என்ரை வேலைதான், சேர். நான் இல்லாட்டிலும் என்ரை வேலைதான்."

அவர் இரக்கமுடையவர். பட்டியலில் ஒவ்வொரு மாணாக்கரின் பெயரையும் சேர்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்குப் பதிலாக, அவளது செய்நிரலைத் தாமே றூட்டின் தொடக்கக் கட்டளைகளோடு சேர்த்துவிடுவதாகச் சொன்னார். உதவி போலத் தோன்றும் இவ்வழியே மிக ஆபத்தானது. பழகுநர் ஒருத்தி எழுதிய செய்நிரல், கணனியின் எக்கோப்பையும் அழிக்கவல்ல தலைமைப் பயனரின் அதிகாரத்தோடு ஓடும். அழிக்க வேண்டிய தற்காலிகக் கோப்பின் பெயரில் ஓர் இடைவெளி தவறினால், அழிவது அவளது கோப்புறை மட்டுமன்று. இதனினும் நுட்பமான கேடு ஒன்றுண்டு. அச்செய்நிரற் கோப்பு அவளது கோப்புறையிலேயே இருந்தால், அவளோ அவளது கடவுச்சொல்லை அறிந்த எவருமோ அதனுள் எதையும் எழுதிவைக்கலாம். அடுத்த மின்வெட்டின் பின் அது றூட்டின் ஆணையாகிவிடும். ஜெரோம் சோல்ற்சரும் மைக்கல் சுரோடரும் 1975 இல் எழுதிய கட்டுரையில், ஒவ்வொரு செய்நிரலும் தன் வேலைக்கு வேண்டிய மிகக் குறைந்த அதிகாரத்தோடு மட்டும் இயங்க வேண்டுமென வகுத்த நெறிக்கு இது நேர்மாறானது. சிறிய உரிமையைக் கொடுக்கத் தயங்குபவர் பெரிய அதிகாரத்தைக் கடனாகக் கொடுத்துவிடுகின்றார். நிருவாகம் பற்றி அரசறிவியல் மாணாக்கர் எழுதும் விடைத்தாள்களிலும் இவ்வுண்மைக்கு இடமுண்டு.

மாணவி அவ்வுதவியைப் பணிவாக மறுத்து, பட்டியலில் பெயரைச் சேர்க்குமாறே கேட்டாள், பெயரும் சேர்க்கப்பட்டது. உரிமை கிடைத்ததும் வேலை செம்மையாக நடைபெற்றது என எண்ணுதல் கூடாது. ஏவியவர் அருகில் இருக்கும்போது ஓடும் செய்நிரலுக்கும் அவர் இல்லாதபோது ஓடும் அதே செய்நிரலுக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. பயனர் உட்பிரவேசிக்கும்போது, அவரது தனிப்பட்ட அமைப்புக் கோப்புகள் படிக்கப்பட்டு, கட்டளைகளை எவ்வெவ் இடங்களில் தேடுவது, எம்மொழியில் எழுத்துகளைக் கையாளுவது என்பன போன்ற சூழல் உருவாகின்றது. குரொன் இச்சூழலை அறியாது. அது தருவது வறிய சூழல். கட்டளைகளைத் தேடும் இடங்கள் சில. மொழி பற்றிய குறிப்பு பல முறைமைகளில் அறவே இல்லை. கையால் ஓட்டியபோது பிழையின்றி ஓடிய செய்நிரல் குரொனிடம் ஒப்படைத்ததும் வாய்பேசாது இறப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சூழலில் இல்லாததை எல்லாம் பட்டியலின் தலைப்பிலோ செய்நிரலின் முதல் வரிகளிலோ தானே எழுதிவைத்தல் வேண்டும்.

இறந்தாலாவது தெரிந்துவிடும். இறவாமல் பிழையான விடையைத் தருவதே பெருங்கேடு. தமிழோடு இயங்குவோர் இதனைச் சிறப்பாக அறிதல் வேண்டும். 'தமிழ்' எனும் சொல்லில் இலக்கணப்படி எழுத்து மூன்று. யுனிக்கோடு முறையில் அது ஐந்து குறியீடுகளாக அமைகின்றது. மிகரத்தின் விசிறியும் ழகரத்தின் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் இவ்வைந்து. அவ்வைந்தும் கோப்பில் வழக்கமான யு.ரி.எவ். எட்டு முறையில் எழுதப்படும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்றாகப் பதினைந்து பைற்றுகள் ஆகின்றன. மொழிச்சூழல் அறிந்த எண்ணற்கருவி ஐந்து என்னும். மொழிச்சூழல் அறியாத அதே கருவி பதினைந்து என்னும். எனவே பகலில் அவள் முன்னிலையில் ஐந்து என்று எண்ணிய செய்நிரல், இரவில் அவள் இல்லாதபோது பதினைந்து என்று எண்ணியது. சொல்லடைவின் ஒரு பாதி ஓர் அளவையாலும் மறுபாதி மூன்று மடங்கு அளவையாலும் அமைந்தது. இலக்கணத்தின் மூன்றை இரண்டும் சொல்லவில்லை என்பது வேறு கதை, அது தனிக்கட்டுரைக்குரியது. மேற்பார்வையாளரான விரிவுரையாளர் அட்டவணையைப் பார்த்து, இத்துணை நீண்ட சொற்களைச் சங்கப் புலவர் எங்கே கண்டனர் என வினவியிராவிடின், அப்பிழை ஆய்வேட்டிலே அச்சேறியிருக்கும்.

மற்றுமொரு தொல்லை பூட்டுக்கோப்பு. ஒரே வேலை இரட்டையாக ஓடாமலிருக்க, செய்நிரல்கள் தொடங்கும்போது ஒரு சிறு கோப்பை அடையாளமாக வைத்து, முடியும்போது அழித்துவிடுவது வழக்கம். மின்சாரம் திடீரென நிற்கும்போது அதனை அழிக்க எவரும் இல்லை. மீளத் தொடங்கிய செய்நிரல் கோப்பைக் கண்டு, முன்னவர் உள்ளே இருப்பதாக மயங்கி, வாசலிலிருந்தே திரும்பிவிடுகின்றது. இறந்தவர் தாழிட்ட கதவு போல அது கிடக்கும். கோப்பின் இருப்பை அன்றி, கருவகம் செயன்முறையின் பெயரில் வைத்திருக்கும் பூட்டை நம்புவது இதற்குப் பரிகாரம். செயன்முறை எவ்வாறு இறப்பினும் அப்பூட்டு அதனோடு சேர்ந்தே மறையும்.

இவ்வளவும் கூறியபின் நிருவாகிகளின் பக்க நியாயத்தை மறைத்தல் முறையன்று. 1988 நவம்பர் 2 ஆம் நாள், கோர்னெல் பல்கலைக்கழகப் பட்டப்பின் மாணவரான றொபேட் மொறிஸ் வலையமைப்பில் விடுத்த செய்நிரல் ஒன்று, பிறருடைய கணனிகளில் அவர்கள் அறியாமலே பின்னணியில் ஓடியது. செயன்முறைப் பட்டியலிலே சாதாரண ஓட்டின் பெயரைப் பூண்டு மறைந்தது. அடிக்கடி பிள்ளையைப் பெற்றுத் தான் இறந்து இலக்கத்தை மாற்றிக்கொண்டது. டீமனின் சடங்கு ஒளிப்பதற்கும் உதவும் என்பது அன்று பலருக்கும் விளங்கியது. ஏற்கெனவே தொற்றிய கணனியிலும் ஏழில் ஒரு தடவை மேலும் ஒரு பிரதி நிலைத்து ஓடுமாறு அது எழுதப்பட்டிருந்ததால், கணனிகள் பிரதிகளால் நிரம்பித் திணறின. கணனியை மீளத் தொடங்கினால் அது மறையும். தன்னைத் தானே மறுபடி ஏவும் வழியை அது அமைத்துக்கொள்ளவில்லை. ஆயினும் பக்கத்துக் கணனியிலிருந்து மறுபடி தொற்றியது. இன்றைய தீநிரல்கள் அக்குறையையும் நிவர்த்திசெய்துவிட்டன. பயனரின் குரொன்டாப்பிலும் உட்பிரவேச அமைப்புக் கோப்புகளிலும் ஒரு வரியை எழுதிவைப்பது அவற்றின் வழக்கமான முறைகளுள் ஒன்று. ஆகவே நிருவாகி ஐயுறுவதிற் பொருளுண்டு. ஆனால் அவ்வரி பட்டியலில் எழுத்தாக இருப்பதால் எவரும் பார்க்கலாம், நீக்கலாம் என்பதையும் மறத்தலாகாது. தந்திரத்தால் ஓடும் வேலைக்கு அவ்வெளிப்படை இல்லை.

அண்மைக் காலத்தில் இவ்வுரிமை வேறு இரு வடிவங்களிற் சோதனைக்குள்ளாயிற்று. அப்பிள் நிறுவனம் 2005 இல் தன் மக் முறைமையில் புகுத்திய 'லோஞ்ச்டி', பின்னணிச் செய்நிரல்களை இரு சாதியாகப் பிரித்தது. டீமன்கள் கணனியோடு எழுவன. அவற்றை நிறுவ நிருவாகியின் அதிகாரம் வேண்டும். 'முகவர்'கள் சாதாரணப் பயனருக்கும் உரியவை. ஆனால் அவர் உட்பிரவேசித்த பின்னரே எழுவன, அவர் வெளியேறியதும் முடிவன. தனியொருவர் மடியில் வைத்திருக்கும் கணனிக்கு இப்பிரிவு போதுமானது. பலர் பங்கிடும் கணனியில், ஆள் முன்னிலையில் இருந்தால் மட்டுமே உரிமை உண்டு என்பதாகிவிடும்.

லினக்ஸ் உலகில் 2010 இல் லெனார்ட் பொற்றரிங்கும் கே சீவர்சும் தொடங்கிய 'சிஸ்டம்டி', முதலாம் இலக்கச் செயன்முறையாக அமர்ந்ததோடு, ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி முகாமையாளர் ஒன்றையும் வழங்கியது. பயனர் தன் கோப்புறையில் ஒரு சிறு அலகுக் கோப்பை எழுதி, எது ஓட வேண்டும், இறந்தால் மறுபடி எழுப்ப வேண்டுமா, எவ்வளவு நினைவகம் கொள்ளலாம் என்றெல்லாம் குறிக்கலாம். குரொனோடு ஒப்பிட இது மிகப் பெரிய முன்னேற்றம். அநாதைப் பிள்ளைச் சடங்கும் வேண்டியதில்லை. ஆனால் அம்முகாமையாளர் பயனர் முதன்முறை உட்பிரவேசிக்கும்போதே பிறந்து, கடைசியாக வெளியேறியதும் இறந்துவிடும். 2016 மே மாதத்தில் வெளிவந்த 230 ஆம் பதிப்பு ஒருபடி மேலே சென்று, பயனர் வெளியேறியதும் அவரது எஞ்சிய செயன்முறைகள் யாவற்றையும் கொல்வதை இயல்பான ஒழுக்கமாக்கியது. வரைகலை அமர்வுகள் விட்டுச்செல்லும் குப்பைகளை அகற்றுவது அதன் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் நோஹப்பையும், 1987 முதல் புழக்கத்திலிருந்த 'ஸ்கிரீன்' போன்றவற்றையும் நம்பி இரவில் வேலையை விட்டுச்சென்றோர், காலையில் வந்தபோது எதனையும் காணவில்லை. பெருவாதம் எழுந்தது. டெபியன் உள்ளிட்ட சில விநியோகங்கள் அவ்வொழுக்கத்தைத் தம்மளவில் நிறுத்திவைத்தன. வாதத்தின் இரு தரப்பாரும் பேசியது நினைவகம், பாதுகாப்பு, மரபு என்பனபற்றி. அடியில் கிடந்ததோ ஆய்வுகூடப் பொறுப்பாளர் கேட்ட அதே கேள்வி.

சிஸ்டம்டியில் இதற்கு வைக்கப்பட்டுள்ள வழி 'லிங்கர்' எனப்படும். தங்கிநிற்றல் என்று சொல்லலாம். ஒரு பயனருக்குத் தங்கிநிற்றல் இயலுமைப்படுத்தப்பட்டால், அவரது முகாமையாளர் கணனி தொடங்கும்போதே, அவர் வருமுன்னரே எழும். அவர் போன பின்னரும் நிற்கும். பயனர் தமக்குத் தாமே இதனைச் செய்துகொள்ளலாமா, நிருவாகி செய்ய வேண்டுமா என்பது அவ்வக் கணனியின் கொள்கையைப் பொறுத்தது. மாணவி அடுத்த ஆண்டு இவ்வழிக்கே மாறினாள். மொழிச்சூழலை அலகுக் கோப்பிலேயே ஒரு வரியாக எழுதினாள். எந்தப் பாடலோடு நின்றது என்பதைச் செய்நிரல் தானே குறித்துவைக்குமாறு திருத்தினாள். பொறுப்பாளர் ஒரே கட்டளையால் தங்கிநிற்றலைத் தந்தார். அக்கட்டளை முறைமைக் கோப்புறை ஒன்றினுள் அவளது பயனர்ப் பெயரைத் தாங்கிய ஒரு கோப்பை உண்டாக்கியது. அதனைத் திறந்து பார்ப்பவருக்கு உள்ளே ஒன்றும் இராது. அவள் பட்டம் பெற்றுச் செல்லும் நாளில், மற்றொரு கட்டளையால் அக்கோப்பு நீக்கப்படும். அடுத்த மின்வெட்டின் பின் அவளது வேலை எழாது.